வளஞ்சதும் வளந்ததும்: தமிழ்ப் பேச்சின் ஒலி விதிகள்

குரல்வளையின் மீது இரண்டு விரல்களை லேசாக வைத்துக்கொண்டு ‘அப்பா’ என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். உதடுகள் மூடியிருக்கும் நேரத்தில் விரல்களுக்கு அடியில் அதிர்வு நின்றுபோகும். அடுத்து ‘அம்பு’ என்று சொன்னால் அதிர்வு அறுபடாமல் ஓடும். இரண்டு சொற்களிலும் எழுதுவது ஒரே பகரம்தான். முதலாவதில் அது ஒலிப்பிலா ஒலி, இரண்டாவதில் ஒலிப்புடை ஒலி. இந்த வேறுபாட்டை எந்தத் தாயும் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை, பள்ளிக்கூடமும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆனாலும் தமிழைத் தாய்மொழியாகப் பேசும் எவரும் ‘அம்பு’வின் பகரத்தை ‘அப்பா’வின் பகரமாக உச்சரிப்பதில்லை. கற்பிக்காமலே வந்து பிசகாமல் நடக்கிற இத்தகைய ஒழுங்குகளைத்தான் மொழியியலார் ஒலியனியல் விதிகள் என்கிறார்கள். அவை எங்கே குடியிருக்கின்றன, வாயிலா மனத்திலா? ஒன்றோடொன்று எப்படிப் பிணைகின்றன? இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஆராயப்பட்டுவரும் இந்தக் கேள்விகளைத் தமிழை முன்வைத்துப் பார்ப்பது இக்கட்டுரை. பார்க்கப் பார்க்க எனக்கு உறுதிப்பட்டது ஒன்று உண்டு: கொச்சை என்று நாம் ஒதுக்கிவைத்திருக்கும் பேச்சுத் தமிழின் விதிகள், இலக்கண நூல்களின் புணர்ச்சி விதிகளுக்குக் கறாரில் சற்றும் குறைந்தவை அல்ல.

ஓரெழுத்தும் பல ஒலியும்

‘கடல்’, ‘அக்கா’, ‘தங்கம்’, ‘அகம்’ ஆகிய நான்கிலும் ககரம் இருக்கிறது. கடலிலும் அக்காவிலும் ஒலிப்பில்லை. தங்கத்தில் ஒலிப்பு உண்டு. அகத்தில் நாக்கு மேலண்ணத்தை முழுதும் அடைப்பதுகூட இல்லை. பலர் வாயில் அது ஹகரத்தை ஒட்டிப் போய்விடுகிறது. பகரத்தையும் தகரத்தையும் டகரத்தையும் இப்படியே வரிசைப்படுத்தினால் ஒரே கோலம் தெரியும். சொல்லின் முதலிலும் இரட்டித்த இடத்திலும் வல்லினத்துக்கு ஒலிப்பில்லை. மெல்லினத்தை அடுத்து வந்தால் ஒலிப்பு உண்டு. இரண்டு உயிர்களுக்கு நடுவே தனித்து நின்றால் ஒலிப்போடு தளர்ச்சியும் சேரும். சகரம் கொஞ்சம் விலகி நடக்கும், றகரம் முழுக்கத் தன் வழியில் போகும்; ஆனால் ‘பஞ்சு’, ‘அச்சம்’, ‘கன்று’ முதலியவற்றில் அவையும் இந்தக் கோலத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. 1856இல் வெளியான தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இந்த ஒழுங்கைத் திராவிட மொழிகளின் அடிப்படை விதிகளுள் ஒன்றாக வைத்தார்.

ஒலிப்புடை ஒலி வரும் இடத்தில் ஒலிப்பிலா ஒலி வருவதில்லை. அது வரும் இடத்தில் இது வருவதில்லை. ஒரே இடத்தில் இரண்டும் சந்தித்துக்கொள்ளாததால், ஒன்றை மாற்றி மற்றொன்றை வைத்து வேறு பொருள் தரும் சொல்லை உண்டாக்க முடியாது. இந்த நிலையில் அவை ஓர் ஒலியனின் இரண்டு மாற்றொலிகள். இதற்கு மாறாக ‘பல்’, ‘பள்’, ‘படம்’, ‘பணம்’, ‘மலை’, ‘மழை’ என்று ஓர் ஒலியை மாற்றியதும் பொருள் மாறினால் அவை வெவ்வேறு ஒலியன்கள்.

ஒலியன் என்பது காற்றில் அளக்கக்கூடிய பொருள் இல்லை என்பதை இந்தியையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். இந்தியில் ‘பல்’ என்றால் கணப்பொழுது. அதே பகரத்தை மூச்சு ஊதிச் சொன்னால் பழம். ஆங்கிலத்திலும் இந்த இரண்டு பகரங்களும் உண்டு: ‘பின்’ என்ற சொல்லின் முதலில் மூச்சு வெடித்து வரும், ‘ஸ்பின்’ என்பதில் வராது. ஆனால் ஆங்கிலேயருக்கு அந்த வேறுபாடு காதில் விழுவதே இல்லை, ஏனென்றால் அவர்கள் மொழியில் அது எந்தச் சொல்லையும் எந்தச் சொல்லிலிருந்தும் பிரிப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கசான் நகரில் பாடம் நடத்திய போலந்து நாட்டவரான போதுவான் த கூர்த்தனே இந்தக் கருத்துக்கு உருவம் கொடுத்தார். பிராக் மொழியியல் வட்டத்தைச் சேர்ந்த துருபெட்ஸ்கோய் எழுதி, அவர் மறைந்த மறு ஆண்டு 1939இல் வெளியான நூல் அதை முழு இயலாக வளர்த்தது. அமெரிக்கப் பூர்வகுடி மொழிகளை ஆராய்ந்த எட்வர்டு சபீர் 1933இல் எழுதியது இன்னும் கூர்மையானது: ஒரு மொழியைப் பிறவியிலிருந்து பேசுகிறவர் கேட்பது ஒலியை அல்ல, ஒலியனை. தமிழரிடம் ‘அப்பா’வுக்கும் ‘அம்பு’வுக்கும் பகரம் ஒன்றா என்று கேட்டால் ஒன்றுதான் என்பார். அவர் காது சரியாகவே சொல்கிறது.

இங்கே தமிழ் எழுத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லியாக வேண்டும். ‘வடமொழியிலும் இந்தியிலும் நான்கு ககரம் இருக்க நமக்கு ஒன்றுதானே இருக்கிறது’ என்ற குறை அடிக்கடி கேட்கிறது. அசோகர் காலத்துப் பிராமி எழுத்தில் ஒலிப்புடை எழுத்துகளும் மூச்சொலி எழுத்துகளும் ஆயத்தமாக இருந்தன. அதைத் தமிழுக்குத் தழுவியவர்கள் அவற்றை வேண்டாம் என்று விட்டுவிட்டு, பிராகிருதத்துக்குத் தேவைப்படாத ழ, ள, ற, ன ஆகிய ஒலிகளுக்கு வடிவம் கண்டார்கள். மாங்குளம் போன்ற இடங்களின் குகைக் கல்வெட்டுகளிலும், 2003இல் வெளியான ஐராவதம் மகாதேவனின் பெருந்தொகுப்பிலும் இதைக் காணலாம். எது சொல்லைப் பிரிக்கிறதோ அதற்கு எழுத்து, எது இடத்தால் தானே விளைகிறதோ அதற்கு எழுத்து வேண்டாம் என்ற முடிவு அது. ஒலியன் என்ற கருத்து ஐரோப்பாவில் பிறக்க இரண்டாயிரம் ஆண்டுகள் இருந்தபோது எடுத்த முடிவு. 1446இல் கொரிய மன்னர் செஜோங் அறிவித்த ஹங்குல் எழுத்திலும் இதே தெளிவு இருக்கிறது. கொரிய மொழியின் எளிய தடையொலிகள் சொல்லின் முதலில் ஒலிப்பின்றியும் உயிர்களுக்கு நடுவே ஒலிப்போடும் வரும்; எழுத்து ஒன்றுதான். அந்நாட்டுத் துறைமுக நகரின் பெயரை ரோமன் எழுத்தில் பகரமாக எழுதுவதா ஒலிப்புடை எழுத்தால் எழுதுவதா என்ற குழப்பம் 2000ஆம் ஆண்டு விதிமுறையை மாற்றும்வரை நீடித்தது. கொரியருக்கு அதில் குழப்பம் இருந்ததில்லை.

எது எதன் பக்கத்தில் நிற்கலாம்

ஒலிகள் எவை என்பதோடு ஒலிக்கோலம் முடிந்துவிடுவதில்லை. எந்த ஒலி சொல்லைத் தொடங்கலாம், எது முடிக்கலாம், எது எதன் பக்கத்தில் நிற்கலாம் என்பதும் ஒவ்வொரு மொழிக்கும் உரிய சட்டம். தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் முதல் இரண்டு இயல்களிலேயே மெய்ம்மயக்கத்தையும் மொழிமுதல், மொழியிறுதி எழுத்துகளையும் பேசிவிடுகிறது. மாணவர்கள் மனப்பாடம் செய்து மறந்துவிடும் பகுதி இது. இதன் ஆற்றல் அயற்சொல் வந்து சேரும்போதுதான் புலப்படும்.

ரகரமும் லகரமும் தமிழ்ச் சொல்லைத் தொடங்குவதில்லை. ஆகவே வடமொழிச் சொற்கள் உள்ளே நுழையும்போது முன்னால் ஓர் உயிரைப் பெற்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நன்னூல் எந்த எழுத்துக்கு முன் எந்த உயிர்கள் வரும் என்பதைப் பிரித்தே சொல்கிறது: ரகரத்துக்கு அ, இ, உ மூன்றும், லகரத்துக்கு இ, உ இரண்டும், யகரத்துக்கு இகரம் மட்டும். அரங்கம், இராமன், உரோமம், இலாபம், உலோகம், இயந்திரம். உகரம் எங்கே வருகிறது என்று கவனியுங்கள். அடுத்த அசையில் உதடு குவியும் உயிர் இருக்கும் இடத்தில்தான். ரோமம் உரோமம் ஆயிற்று, லோபி உலோபி ஆனான், ருசி உருசி ஆனது. முன்னே சேர்ந்த உயிர் தற்செயலாக வந்ததில்லை. பின்னால் வரும் உயிரைப் பார்த்து நிறம் மாற்றிக்கொண்டு வந்தது.

பிற்காலத்தில் ‘லாரி’, ‘ரயில்’ முதலியவை இந்தக் காவலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டன. சொல்லிறுதிக் காவல் மட்டும் பேச்சில் இன்றும் விழிப்பாக நிற்கிறது. பஸ் ‘பஸ்ஸு’ ஆகிறது, கார் ‘காரு’ ஆகிறது. பஸ்ஸில் மெய் இரட்டித்தது, காரில் இரட்டிக்கவில்லை. ‘கல்’, ‘கண்’ என்று ஒரு குறிலை அடுத்த மெய்யானால் பேச்சில் கல்லு, கண்ணு; ‘பால்’, ‘தூண்’ என்று நெடிலை அடுத்த மெய்யானால் பாலு, தூணு. எழுத்துத் தமிழில் கல்லெறி, பாலாடை என்று வருவதும் இதனால்தான். தனிக்குறிலை அடுத்த மெய் உயிர் வந்தால் இரட்டும் என்று நன்னூல் சொன்ன விதியை, அந்த நூலின் பெயரையே அறியாதவரும் ஆங்கிலச் சொல்லின் மீது இம்மி பிசகாமல் செலுத்துகிறார். ஒலி விதி மனத்தில் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. முன்பின் கேட்டிராத சொல்லுக்கும் அது பொருந்துகிறது அல்லவா?

1958இல் அமெரிக்காவில் ஜீன் பெர்கோ குழந்தைகளிடம் செய்த சோதனையும் இதையேதான் காட்டியது. உலகில் இல்லாத ஒரு பிராணியின் படத்தைக் காட்டி, அதற்கு ‘வக்’ என்று இல்லாத பெயரையும் வைத்து, இரண்டு இருந்தால் என்ன சொல்வாய் என்று கேட்டார். ஆங்கிலப் பன்மை விகுதி, முன்னால் நிற்கும் ஒலிக்கேற்ப ஒலிப்போடும் ஒலிப்பின்றியும் வரும். அந்தப் பெயரை அதுவரை கேட்டிராத குழந்தைகள் சரியான வடிவத்தைச் சொன்னார்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்வதாக மட்டும் இருந்தால் இது நடந்திருக்காது.

பொற்குடமும் மட்குடமும்

புணர்ச்சியைப் பற்றித் தமிழ் வாசகருக்குச் சொல்ல அதிகம் இல்லை. தோன்றல், திரிதல், கெடுதல் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆனால் படித்த முறையில் ஒரு பெரிய ஒற்றுமை மறைந்துபோகிறது. கல் + சிலை கற்சிலை. பொன் + குடம் பொற்குடம். முள் + செடி முட்செடி. மண் + குடம் மட்குடம். லகரமும் னகரமும் றகரமாகின்றன, ளகரமும் ணகரமும் டகரமாகின்றன. ஏன் மாற்றி நடக்கவில்லை? ல், ன், ற் மூன்றும் நாநுனி மேல்பல் அடியை ஒட்டிப் பிறக்கும் ஒலிகள். ள், ண், ட் மூன்றும் நாக்கு பின்னே வளைந்து அண்ணத்தைத் தொடும் ஒலிகள். பிறக்கும் இடம் மாறவே இல்லை; பின்னால் வல்லினம் வருவதால் வல்லினமாக மட்டும் மாறியது. பின்னால் மெல்லினம் வந்தால் அதே இடத்து மெல்லினமாகும்: பல் + மை பன்மை, மெல் + மை மென்மை, வெள் + மை வெண்மை, ஒள் + மை ஒண்மை.

வினைச்சொல்லுக்கு வாருங்கள். கல் – கற்றான், கேள் – கேட்டான். நில் – நின்றான், கொள் – கொண்டான். இறந்தகால இடைநிலையின் தகரம் வேர்ச்சொல்லின் கடைசி மெய்யோடு கலந்து, லகரம் இருந்த இடத்தில் றகரத்தையும் ளகரம் இருந்த இடத்தில் டகரத்தையும் விட்டுச்சென்றது. கற்சிலையை உண்டாக்கிய அதே ஒழுங்குதான் கற்றானையும் உண்டாக்கியது. ஒன்றைப் புணரியலிலும் மற்றொன்றைப் பதவியலிலும் வைத்துக் கற்பிப்பதால் மாணவர் இரண்டையும் தனித்தனிப் பட்டியலாகச் சுமக்கிறார். ஒலிகளைத் தனித்தனி எழுத்தாகப் பார்க்காமல் பிறப்பிடத்தாலும் முயற்சியாலும் ஆன கூட்டங்களாகப் பார்த்தால், பத்து விதிகள் ஒன்றாகச் சுருங்குகின்றன. பிறப்பியலில் ற, ன இரண்டையும் சேர்த்தும் ட, ண இரண்டையும் சேர்த்தும் சொன்ன தொல்காப்பியர் அதற்கான அடித்தளத்தை இட்டுவிட்டார். யாக்கப்சன், ஃபாண்ட், ஹாலே மூவரும் 1952இல் ஒலிக்கூறுகள் என்று வகுத்தது இந்தப் பாதையின் தொடர்ச்சி.

எல்லா விதியும் வாயின் வசதியால் நடப்பதில்லை. ‘வேலை கொடுத்தான்’ என்றால் உத்தியோகம் கொடுத்தான். ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் கையிலிருந்த வேலைக் கொடுத்தான். இரண்டிலும் ஐகாரத்தை அடுத்துக் ககரம் வருகிறது. ஒற்று மிகுவதை இங்கே முடிவு செய்வது ஒலி அன்று, வேற்றுமை உருபு. ஒலி விதிகளுக்குள் இலக்கணம் கையை நீட்டும் இந்த இடத்தை உருபொலியனியல் என்று தனியே வைத்து ஆராய்கிறார்கள்.

பேச்சின் விதிகள்

இப்போது கொச்சை எனப்படும் பகுதிக்கு வருகிறேன். கட்டுரையின் நெஞ்சே இதுதான். இலை ‘எலை’ ஆகிறது, இடம் ‘எடம்’, விலை ‘வெலை’, நிறம் ‘நெறம்’. உடம்பு ‘ஒடம்பு’, குடை ‘கொடை’, முகம் ‘மொகம்’, புகை ‘பொகை’. ஆனால் இடி, பிடி, கிளி, இது, குடி, முடி, புலி, குருவி ஆகியவற்றில் முதல் உயிர் எகரமாகவோ ஒகரமாகவோ மாறுவதில்லை. ‘எடி விழுந்தது’ என்றோ ‘பொலி வந்தது’ என்றோ யாரும் சொல்வதில்லை. வேறுபாடு எங்கே? இரண்டாம் அசையில். நடுவே ஒற்றை மெய் மட்டும் நின்று, அங்கே அகரமோ ஐகாரமோ இருந்தால் முன்னே நிற்கும் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் இறங்கும். இகரமோ உகரமோ இருந்தால் இறங்காது. வாயை அகலத் திறக்கும் உயிர் பின்னால் வரப்போகிறது என்பதை அறிந்து முன்னுயிரே கொஞ்சம் திறந்துகொள்கிறது.

இரண்டாவது விதி உதட்டைச் சேர்ந்தது. பெண் ‘பொண்ணு’, பெட்டி ‘பொட்டி’, பிள்ளை ‘புள்ளை’, பிடி ‘புடி’, வீடு ‘வூடு’. இகரமோ எகரமோ தன் முன்னால் ப, ம, வ என்ற இதழொலியும் பின்னால் ட, ண, ள, ழ என்ற வளைநா ஒலியும் கொண்டிருந்தால் குவியுயிராகிவிடுகிறது. இரண்டு பக்கமும் வேண்டும். விதை ‘வெதை’ ஆகும், ‘வொதை’ ஆகாது, பின்னால் பல்லொலி. கிளி கிளியாகவே நிற்கும். முன்னால் இதழொலி இல்லை. இந்த விதி எல்லாச் சொல்லையும் ஒரே அளவில் பிடிப்பதில்லை. பொண்ணு என்று சொல்லாதவர் அரிது. வூடு என்று சொன்னால் முகம் சுளிப்பவர் உண்டு. வெள்ளம் பெரும்பாலோர் வாயில் வெள்ளமாகவே இருக்கிறது. ஒரே விதியின் ஒரு விளைவு நாகரிகமாகவும் இன்னொரு விளைவு நாட்டுப்புறமாகவும் தோன்றுவது சமூகத்தின் தீர்ப்பு. ஒலியில் அதற்குக் காரணம் கிடையாது.

மூன்றாவது: அடித்தான் ‘அடிச்சான்’, சிரித்தான் ‘சிரிச்சான்’, தெரிந்தது ‘தெரிஞ்சது’, காய்ந்தது ‘காஞ்சது’. படுத்தான், எடுத்தான், நடந்தான், விழுந்தான் மாறுவதில்லை. இ, ஐ, ய் ஆகிய மூன்றின் பின்னால் மட்டும் தகரம் சகரமாகவும் நகரம் ஞகரமாகவும் மேலண்ணத்துக்கு ஏறுகின்றன. சித்தி, வித்தை, பித்தளை ஆகியவை தப்பித்துக்கொள்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விதி வினையின் இறந்தகால இடைநிலையைத்தான் தேடிப் பிடிக்கிறது. வேர்ச்சொல்லின் உள்ளிருக்கும் தகரத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. பேசுபவருக்குத் தம்மை அறியாமலே பகுதி எது, இடைநிலை எது என்று தெரிந்திருக்கிறது. ஐகாரத்தையும் யகர மெய்யையும் அடுத்து நகரம் சில இடங்களில் ஞகரமாவதை நன்னூலும் குறித்திருக்கிறது. ஆகவே இது நேற்றுப் பிறந்த சோம்பல் இல்லை.

மிளகாய் ‘மொளகா’ ஆனதில் முதல் இரண்டு விதிகளும் சேர்ந்திருக்கின்றன. ளகரத்தை அடுத்த அகரத்தால் இகரம் எகரமாக இறங்கியது; மகரத்துக்கும் ளகரத்துக்கும் நடுவே மாட்டியதால் குவிந்து ஒகரமாயிற்று. ‘பிழைத்தேன்’ என்பது ‘பொழச்சேன்’ ஆகும்போது மூன்று விதிகளும் ஒரே சொல்லில் வேலை செய்கின்றன. அத்தோடு ஐகாரம் அகரமாகக் குறுகுகிறது. கடைசி னகரம் தான் மறைந்து தன் மூக்கொலியை ஏகாரத்திடம் விட்டுச்செல்கிறது. எழுத்து வடிவத்திலிருந்து இவ்வளவு தொலைவு வந்த சொல் ஒவ்வோர் அடியிலும் விதிப்படியே வந்திருக்கிறது.

விதிகளுக்குள் முன்பின் வரிசை உண்டா என்ற கேள்விக்கு இரண்டு சொற்களே போதும். ‘வளைந்தது’ பேச்சில் ‘வளஞ்சது’. ‘வளர்ந்தது’ பேச்சில் ‘வளந்தது’. இரண்டிலும் ளகரத்தை அடுத்துக் கேட்பது அகரம். அகரத்தை அடுத்த நகரம் மாறக் கூடாது, வளந்ததில் மாறவில்லை. வளஞ்சதில் மட்டும் ஏன் மாறியது? அங்கே முதலில் ஐகாரம் இருந்தது. ஐகாரம் நகரத்தை ஞகரமாக்கிய பிறகுதான் தான் அகரமாகக் குறுகியது. கேட்கும் ஒலியில் காரணம் இல்லை, விளைவு மட்டும் இருக்கிறது. காரணத்தைத் தேட வேண்டுமானால் வாய்க்கு வந்த வடிவத்துக்குப் பின்னால் மனத்தில் நிற்கும் அடிநிலை வடிவத்துக்குப் போக வேண்டும்.

அக்கம்பக்கத்து மொழிகள்

இந்த விதிகளைச் சிதைவு என்று சொல்பவர்கள் எல்லை தாண்டிப் பார்க்க வேண்டும். நம் பேச்சின் எலையும் கொடையும் வெலையும் கன்னடத்தில் ‘எலெ’, ‘கொடெ’, ‘பெலெ’ என்று எழுத்திலேயே இருக்கின்றன. இந்த உயிர் மாற்றத்தைத் தென் திராவிட மொழிகள் முழுவதிலும் வைத்து பரோவும், 1958இல் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியும் ஆராய்ந்திருக்கிறார்கள். நம் அடிச்சானும் படிச்சானும் மலையாளத்தில் ‘அடிச்சு’, ‘படிச்சு’ என்று செய்தித்தாளிலும் கவிதையிலும் வருகின்றன. ‘அறிந்து’ அங்கே ‘அறிஞ்ஞு’. ஒரே ஒலி விதி பாலக்காட்டில் இலக்கண சுத்தமாகவும் கோயம்புத்தூரில் கொச்சையாகவும் எண்ணப்படுகிறது. இதை ஒருமுறை உணர்ந்துவிட்டால் கொச்சை என்ற சொல்லை ஒலியின் மீது ஏற்ற மனம் வராது.

காலத்தில் பின்னோக்கிப் போனால் இன்னொரு விதி தெரிகிறது. தமிழின் ‘செவி’ கன்னடத்தில் ‘கிவி’. தமிழின் செம்மை அங்கே ‘கெம்பு’. மூலத் திராவிடத்தின் ககரம் இகர எகரங்களுக்கு முன்னால் தமிழில் சகரமாயிற்று. கன்னடம் பழையதைக் காத்தது. அப்படியானால் கிளி, கிழவன், கெடு, கேள், கிழங்கு ஏன் தமிழில் மாறவில்லை? எல்லாவற்றிலும் அடுத்து வருவது வளைநா ஒலி. அந்த விலக்கும் விதிப்படியானது. தெலுங்கில் இந்த விலக்கு இல்லை. ஆகவே கிளி அங்கே ‘சிலுக’, கெடு ‘செடு’.

வளைநா ஒலி ஏன் இப்படித் தடுக்க வேண்டும்? நாக்கு பின்னே வளையத் தயாராகும்போது முன்னே நிற்கும் இகரமும் எகரமும் கொஞ்சம் பின்வாங்குகின்றன. பின்வாங்கிய உயிருக்குக் ககரத்தை மேலண்ணத்துக்கு இழுக்கும் வலு இல்லை. இப்போது வூட்டையும் பொண்ணையும் நினைத்துப் பாருங்கள்: அங்கேயும் வளைநா ஒலியால் உயிர் பின்வாங்கியது, முன்னிருந்த இதழொலி அதைக் குவித்தது. எழுத்து வரலாற்றுக்கு முன்பே கிளியின் ககரத்தைக் காத்த காரணமும் இன்று வீட்டை வூடாக்கும் காரணமும் ஒன்றே. இத்தனை விதிகளுள் என்னை அதிகம் ஈர்த்தது இந்தத் தொடர்புதான்.

ஐரோப்பாவிலும் விலக்குகளைத் துரத்திய பிறகே விதி பற்றிய எண்ணம் தெளிந்தது. ஜெர்மானிய மொழிகளின் மெய்யொலிகள் மாறிய ஒழுங்கை யாக்கோப் கிரிம் 1822இல் வகுத்தார். மிஞ்சிய விலக்குகளுக்கு, பழைய சொல்லழுத்தம் விழுந்த இடமே காரணம் என்று டென்மார்க்கின் கார்ல் வெர்னர் 1870களில் காட்டினார். அதே பத்தாண்டில் லைப்சிக் அறிஞர்கள் ஒலி விதிக்கு விலக்கே இல்லை என்று முழங்கினார்கள். கன்னடத்தின் சொல்முதல் பகரம் ஹகரமானது இதற்கு நல்ல உதாரணம்: பால் ‘ஹாலு’, பல் ‘ஹல்லு’, புலி ‘ஹுலி’, பத்து ‘ஹத்து’. பழங்கன்னடத்தில் இவை பகரத்தோடுதான் இருந்தன.

விதியா, விருப்பமா

கோட்பாடுகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். சோம்ஸ்கியும் மோரிஸ் ஹாலேயும் 1968இல் ஆங்கிலத்தின் ஒலிக்கோலத்தை ஆராய்ந்து எழுதிய நூல், மனத்தில் அடிநிலை வடிவம், அதன் மீது வரிசையாகச் செல்லும் விதிகள், முடிவில் வாய்க்கு வரும் வடிவம் என்ற அமைப்பை நிலைநாட்டியது. விதி வரிசை என்ற எண்ணம் பாணினியிடமே இருக்கிறது. அவருடைய நூலின் கடைசிப் பகுதியில் உள்ள விதிகளின் விளைவு முந்திய விதிகளின் கண்ணில் படாது என்று அவரே வகுத்துவைத்தார்.

1970இல் சார்லஸ் கிஸ்ஸெபர்த் ஒரு சங்கடத்தைச் சுட்டிக்காட்டினார்: ஒரு மொழியின் பல விதிகள் வேறு வேறு வேலை செய்வதுபோல் தோன்றி ஒரே முடிவை நோக்கிப் போகின்றன, அந்த முடிவை எந்த விதியும் சொல்வதில்லை. இந்தச் சங்கடத்துக்கு விடையாக ஆலன் பிரின்சும் பால் ஸ்மொலென்ஸ்கியும் 1993இல் விதிகளையே விலக்கிவிட்டு, ஒன்றோடொன்று மோதும் கட்டுப்பாடுகளின் தரவரிசையே இலக்கணம் என்றார்கள். பஸ்ஸு, காரு முதலியவற்றைப் பார்த்தால் இது சரியாகப்படுகிறது. ‘சொல் மெய்யில் முடியாதே’ என்ற ஒரு விருப்பம் எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது. ஆனால் வளஞ்சது அந்தக் கோட்பாட்டுக்குப் பெரிய தொல்லை. இறுதி வடிவத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் அமைப்புக்கு, மறைந்துபோன ஐகாரம் தெரியாது. அதைச் சரிக்கட்டப் பல வழிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. எதுவும் ‘முதலில் இது, பிறகு அது’ என்ற எளிமைக்கு ஈடாகவில்லை என்பது என் எண்ணம். அயற்சொல்லுக்குக் கட்டுப்பாடு, வினைவடிவத்துக்கு வரிசை என்று இரண்டையும் ஏற்றுக்கொள்ளவே தமிழ்ச் சான்றுகள் சொல்கின்றன.

இன்னும் முடியாதவை

தமிழின் ஒலியன்கள் இன்று நிலையாக இல்லை. ‘பாவம் செய்தான்’ என்பதற்கும் ‘முகபாவம்’ என்பதற்கும் எழுத்து ஒன்று. பலர் வாயில் முதலாவதன் பகரத்துக்கு ஒலிப்பில்லை, இரண்டாவதற்கு உண்டு. பயம், பொம்மை, குண்டு எல்லாம் ஒலிப்போடு தொடங்குகின்றன. கல்லூரி, அலுவலகம், திரைப்படம் வழியாக இந்தச் சொற்கள் பெருகிவிட்ட நிலையில், இடத்தைக் கொண்டு ஒலிப்பை அறியலாம் என்ற பழைய விதி சொல்முதலில் தளர்ந்துவிட்டது. சொல்லின் நடுவே அது இன்னும் உறுதியாக நிற்கிறது.

ஈழத்து எழுத்தில் ‘கிலோமீற்றர்’, ‘ரொறன்ரோ’ என்று காண்பதைத் தமிழகத்து வாசகர்கள் பிழையாக எண்ணுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் ‘வெற்றி’யின் றகரம் நாநுனித் தடையொலியாகவே இருக்கிறது, அந்தச் சொற்களின் ஆங்கில ஒலியும் அதே இடத்தில் பிறப்பது. அவர்கள் காது அதை றகரமாகக் கேட்டது. தமிழகத்தின் பெரும்பகுதியில் அந்தத் தடையொலி மறைந்துபோனதால், அருகில் இருந்த டகரமாகக் கேட்டு ‘கிலோமீட்டர்’ என்று எழுதினோம். இரண்டும் தத்தம் ஒலியமைப்புக்கு முற்றும் பொருத்தமானவை. பழைய றகரத்தின் ஒலியை அறிய விரும்புகிறவர் ஈழத்து வடிவத்திடம்தான் போக வேண்டும்.

பேச்சுத் தமிழுக்கு எத்தனை உயிரொலியன்கள் என்பதும் தீரவில்லை. ‘வந்தான்’ என்பதன் இறுதி னகரம் பேச்சில் மறைந்து ஆகாரம் மூக்கால் ஒலிக்கிறது. ‘வந்தாள்’ என்பதன் ளகரமும் பேச்சில் மறைகிறது. ஆகாரம் வாயால் மட்டும் ஒலிக்கிறது. வந்தது ஆணா பெண்ணா என்பதை அந்த மூக்கொலி ஒன்றே சொல்கிறது. பொருளைப் பிரிப்பது ஒலியன் என்ற அளவுகோலின்படி பேச்சுத் தமிழில் மூக்குயிர்கள் தனி ஒலியன்கள் ஆகிவிட்டன என்று வாதிடலாம். ஆனால் வினாவாக்கிப் பாருங்கள்: ‘வந்தானா’, ‘வந்தாளா’. மறைந்த னகரமும் ளகரமும் அப்படியே திரும்பி வருகின்றன. அவன் – அவனும், மரம் – மரமும் என்பவற்றிலும் இப்படித்தான். பின்னால் உயிர் வந்ததும் மெய் தலைகாட்டுகிறவரை அது பேசுபவர் மனத்தைவிட்டுப் போகவில்லை. ஆகவே மூக்குயிரை விளைவு என்றும் னகரத்தை ஒலியன் என்றும் கொள்வதே இப்போதைக்குச் சரி. வினாவிலும் அந்த னகரம் வராத தலைமுறை ஒன்று வந்தால் அந்தக் கணக்கை மாற்றி எழுத வேண்டியிருக்கும்.